புரளாத பட்டை

என்னிடம் கோடு போடாத கொப்பி ஒன்று இருக்கிறது. தொலைநோக்கியில் பார்ப்பதையெல்லாம் அதில்தான் பென்சிலால் கீறி வைப்பேன். பழைய சீடீ ஒன்றை வைத்து வட்டம் போடுவேன். வட்டத்துக்குள் பார்த்தது, வெளியே திகதி, நேரம், எந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை), வானம் எப்படி என்ற விபரம். கொப்பியின் பதினேழாம் பக்கம் மட்டும் ஓரம் அழுக்கேறிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் அதிகம் விரித்துக் காட்டிய பக்கம் அது. 2018 ஏப்ரல் 14, இரவு 12.10, வெள்ளவத்தை, ஐந்து அங்குலத் தொலைநோக்கி, எம் 83 என்ற பேரடை, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். உள்ளே ஏழு நட்சத்திரங்கள், விரலால் தேய்த்த ஒரு மங்கல், அந்த மங்கலுக்குக் குறுக்கே சரிவாக ஒரு பட்டை. கொழும்புக்குள் இருந்துகொண்டே ஒரு பட்டைச் சுருள் பேரடையின் பட்டையைப் பார்த்தவன் என்ற பெருமை எனக்கு நான்கு வருடம் இருந்தது. ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பேசப் போனபோது அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

எம் 83 மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. வான்பொருள்களில் பாதியைப் பற்றி எழுதியவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து பார்த்தவர்கள். அவர்களுக்கு உச்சியில் நிற்பது நமக்கு வடக்கே தென்னை மரத்துக்குள் கிடக்கும். எம் 83 அப்படி இல்லை. அது நம்முடைய ஆள். சித்திரை நட்சத்திரத்திலிருந்து தெற்கே 19 பாகை, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு கைமுட்டி தூரம், ஹைட்ரா என்ற நீர்ப்பாம்பின் வால் பக்கம். இன்னொரு பொருத்தமும் உண்டு. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில், நள்ளிரவுக்குச் சற்றுப் பிந்தி, அது சரியாகத் தெற்கில் ஏறி நிற்கும். கொழும்பில் அப்போது அதன் உயரம் 53 பாகை. பாரிசில் இருந்து பார்த்த மெசியே என்ற பிரெஞ்சு வானியலாளருக்கு வெறும் 11 பாகை. 1781 இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்த அவர், மிகவும் கவனித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, அளவுக் கம்பிகளைக் காட்ட ஏற்றும் சிறு வெளிச்சம் பட்டாலும் மறைந்துவிடுகிறது என்ற பொருளில் குறித்து வைத்தார். அவருக்கு முன்னால், 1752 இல், லக்காய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் நன்னம்பிக்கை முனையில் இருந்துகொண்டு அரை அங்குல வாய் மட்டுமே உள்ள ஒரு சின்னக் குழாயால் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது. டொரொன்டோவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகனிடம் பத்து அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. எம் 83 அவனுக்கு 16 பாகைக்கு மேல் ஏறாது. எனக்கு அவனிடம் பெருமையடிக்கக் கிடைத்த ஒரே விஷயம் இது.

பட்டை என்றால் வேறொன்றுமில்லை. சுருள் பேரடைகளின் நடுவில், நெற்றியில் இழுத்த திருநீற்றுப் பட்டை போல, நட்சத்திரங்கள் நீட்டாகத் திரண்டு கிடக்கும். சுருள் கைகள் அந்தப் பட்டையின் இரு முனைகளிலிருந்து கிளம்பும். வாயுவை வெளியிலிருந்து நடுவுக்கு வழித்து அனுப்பும் அகப்பை அது. நம்முடைய பால்வீதிக்கும் நடுவில் பட்டை உண்டு. நாம் அதற்குள்ளேயே இருப்பதால் அதை ஒருநாளும் மேலிருந்து பார்க்கப் போவதில்லை. அதனால்தான் ஒன்றரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தாலும், ஏறக்குறைய நேர்முகமாகத் திரும்பி நிற்கும் எம் 83 மேல் இவ்வளவு ஆசை.

ஆனால் கொழும்பு வானம் இருக்கிறதே. எம் 83 இன் பிரகாசம் 7.5 என்று புத்தகத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த ஒளி முழுவதும் ஒரு புள்ளியில் இருந்தால் சின்ன பைனாகுலரிலேயே பளிச்சென்று தெரியும். அது நிலவின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பரப்பில் பிசைந்து தடவப்பட்ட ஒளி. ரொட்டியில் பட்டரைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் பட்டரே தெரியாமல் போவது போல. அதற்கு மேல் காலி வீதியின் வெளிச்சம், கடற்காற்றின் உப்பு, ஈரப்பதன். எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் உடுப்புக் கொடிகளுக்கும் நடுவே எனக்கு ஒரு எட்டடி இடம். தொலைநோக்கியை வெளியே வைத்து அரை மணித்தியாலத்தில் கண்ணாடி வியர்க்கும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் ஐபீசுக்குள் பூஞ்சணம் வேர் விடும். நான் இரண்டை அப்படி இழந்திருக்கிறேன். இப்போது எல்லாம் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அரிசி வாளியில் தூங்குகின்றன. அரிசி வாளியா என்று அம்மா கேட்டுக் களைத்துவிட்டார்.

2018 புத்தாண்டு இரவு விதிவிலக்காக நல்ல இரவு, அது பொய் இல்லை. மறுநாள் அமாவாசை. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், கடைகள் பூட்டு, வெடிப் புகையைக் கடற்காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. பதினொன்றரைக்கு எம் 83 ஐப் பிடித்தேன். ஒரு புகை, நடுவில் கொஞ்சம் அழுத்தம். அவ்வளவுதான். ஓரக்கண்ணால் பார்த்தேன், ஏனென்றால் மங்கல் ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரங்களில்தான். குழாயை விரலால் மெல்லத் தட்டினேன். அசைவு இருந்தால் கண் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வியர்த்து, முக்கால் மணித்தியாலம். அப்போது நடுவில் ஒரு நீளம் வந்தது. போனது. மறுபடி வந்தது. உடனே கீறினேன். கை நடுங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது.

மெழுகுதிரியும் ஒரு சேவையரும்

2022 மார்ச் மாதம், பொருளாதார நெருக்கடியும் மணிக்கணக்கான மின்வெட்டுமாக, இலங்கையில் எப்படி இருந்தது என்று இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது, மின்விசிறி நின்றது, கீழே யாருக்கும் இருக்க முடியவில்லை. அதுவரை என் தனிச்சொத்தாக இருந்த மொட்டை மாடிக்குக் கட்டடமே ஏறி வந்தது. பாய், ரேடியோ, கைக்குழந்தை, ஒருவர் கிரிக்கெட் துடுப்புக்கூட. அப்படி வந்தவர்களில் ஒருவர் ஐந்தாம் மாடி அங்கிள். எழுபது தாண்டியவர். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் சேவையர் அங்கிள். லிஃப்டில் கண்டால் தலையாட்டுவதோடு எங்கள் பழக்கம் அதுவரை முடிந்திருந்தது.

நான் சிவப்பு வெளிச்சத்தில் கொப்பியோடு குனிந்திருந்ததைப் பார்த்து வந்து பக்கத்தில் நின்றார். "என்ன தம்பி, பிளான் கீறுறீரோ?" என்றார். தொலைநோக்கியைக் காட்டினேன். குனிந்து நிலவைப் பார்த்தார். அநேகமாக எல்லோரும் நிலவைப் பார்த்தால் ஒரு சத்தம் போடுவார்கள். அவர் போடவில்லை. "இது நேராக் காட்டுது. ஆனா இடம் வலம் மாறிக் கிடக்கு, என்ன?" என்றார். எனக்கு ஆச்சரியம். ஐந்து அங்குலத் தொலைநோக்கியின் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும், கழுத்தை ஒடிக்காமல் பார்ப்பதற்கு. அது பிம்பத்தை நிமிர்த்தும். ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி போல இடம் வலத்தை மாற்றிவிடும். புதிதாகப் பார்க்கும் யாரும் அதைக் கவனித்ததில்லை. அவர் சிரித்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கோணம் அளக்கும் தியோடலைற்றுகளில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியுமாம். அளவுக்கோலில் இலக்கங்களையே தலைகீழாக அச்சடித்திருப்பார்களாம். "வாழ்க்கையில பாதி உலகத்தைத் தலைகீழாத்தான் பாத்தனான். வீட்ட வந்தாப் பிறகுதான் மனிசி நேரா நிப்பா."

அடுத்தடுத்த இரவுகளில் பழக்கம் வளர்ந்தது. ஒருநாள் இருட்டில் அவர் வீட்டுக்கே கொப்பியைக் கொண்டுபோனேன். மேசையில் மெழுகுதிரி. அன்ரி தேநீர் வைத்தார், சீனி இல்லாமல். பால்மா என்ற பேச்சே அப்போது இல்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எதையும் புகழவில்லை. திகதி போட்டிருக்கிறேனா, திசை போட்டிருக்கிறேனா என்று மட்டும் பார்த்தார். பதினேழாம் பக்கத்தில் நான் எதிர்பார்த்தபடியே நின்றார். கதையைச் சொன்னேன். போனில் இருந்த எம் 83 இன் புகைப்படத்தையும் எடுத்துக் காட்டினேன், ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று. படத்தில் வடக்கு மேலே. பட்டை இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும். என் படத்திலும் வடக்கு மேலே. பட்டை அதே இடது மேல் மூலையிலிருந்து அதே வலது கீழ் மூலைக்கு. அச்சு அசல்.

அவர் போனைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், மறுபடி போனை. "இந்த அம்புக்குறி மேற்கோ?" என்றார். ஓம் என்றேன். தொலைநோக்கியை அசையாமல் விட்டால் நட்சத்திரங்கள் நகர்ந்து போகும் பக்கம் மேற்கு. அதை நான் எப்போதும் குறிப்பேன். என் படத்தில் மேற்கு இடது பக்கம் இருந்தது. புகைப்படத்தில் வலது பக்கம். சரிதான், என்னுடையது கண்ணாடி பிம்பம், அப்படித்தான் இருக்கும் என்றேன், கொஞ்சம் அறிவுரை சொல்லும் தொனியில். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாளை மட்டும் தூக்கி மெழுகுதிரிக்கு முன்னால் பிடித்து, பின்பக்கத்திலிருந்து எனக்குக் காட்டினார். தாளுக்குள்ளால் பென்சில் கோடுகள் தெரிந்தன. இப்போது இடம் வலம் திரும்பிவிட்டது. ஏழு நட்சத்திரங்களும் போனில் உள்ள நட்சத்திரங்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தி நின்றன. பட்டை மட்டும் எதிர்ப் பக்கம் சரிந்து, படத்தின் பட்டையைக் குறுக்கே வெட்டியது.

நட்சத்திரங்கள் எல்லாம் புரண்டு கிடக்க, பட்டை மட்டும் புரளவில்லை.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. நட்சத்திரங்களை நான் ஐபீசில் பார்த்துக் கீறியிருக்கிறேன். அதனால் அவை கண்ணாடியில் தெரிந்தபடி இடம் வலம் மாறி விழுந்தன. பட்டையை ஐபீசில் பார்த்திருந்தால் அதுவும் மாறியிருக்க வேண்டும். அது புகைப்படத்தில் இருந்தபடியே இருக்கிறது என்றால் அது வந்த இடம் புகைப்படம்தான். என் கண் வழியாக வரவில்லை. மண்டைக்குள் ஏற்கெனவே இருந்தது இறங்கி வந்து தாளில் படுத்துக்கொண்டது. நான்கு வருடமாக அந்தப் பக்கத்திலேயே, என் கையாலேயே போட்ட மேற்கு அம்புக்குறியின் பக்கத்திலேயே, சாட்சி கிடந்திருக்கிறது.

"நீர் பாத்ததைக் கீறேல்லை தம்பி. தெரிஞ்சதைக் கீறியிருக்கிறீர்," என்றார். கடிந்து சொல்லவில்லை. அளவு பிழைத்த ஒரு இளம் உத்தியோகத்தனுக்குச் சொல்வது போலச் சொன்னார். அன்ரி, "பிள்ளை தேத்தண்ணியக் குடியுங்கோ, ஆறுது" என்றார்.

இரண்டு நாள் எனக்குச் சரியான கோபம். அவர் மேல் கொஞ்சம், என் மேல் அதிகம். செவ்வாயில் இல்லாத கால்வாயைக் கண்டவர்களை நினைத்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். பொய் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. அந்த இரவு நடுவில் ஒரு நீளம் வந்து போனதாக எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அந்த நினைவையே இனி நம்ப முடியாது, அதுதான் உறுத்தல். கை நடுங்கியது என்றேனே, நடுங்கியது உண்மை. எதைப் பார்த்து நடுங்கியது?

பட்டைக்கு ஆதரவாக வழக்காடவும் முயன்றேன். எம் 83 இலேயே நல்ல கதை ஒன்று இருக்கிறது. 1968 யூலையில் தென்னாபிரிக்காவில் ஜாக் பென்னற் என்ற அமெச்சூர் வால்வெள்ளி தேடிக்கொண்டிருந்தவர், ஐந்து அங்குலத் தொலைநோக்கியால் எம் 83 ஐத் தாண்டிப் போகும்போது நடுவில் ஒரு புதுப் புள்ளியைக் கண்டு நின்றார். சுப்பர்நோவா, வெடித்துச் சிதறும் நட்சத்திரம். தொலைநோக்கி வந்த பிறகு புகைப்படம் இல்லாமல் கண்ணாலேயே ஒருவர் சுப்பர்நோவா கண்டுபிடிப்பது அதுவரை மிக அரிது. அந்தப் பேரடை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்ததால்தானே புதியது கண்ணில் பட்டது? தெரிந்து வைத்திருப்பது குற்றமா? இதைப் பெரிய வாதமாக மாடியில் எடுத்து வைத்தேன். சேவையர் அங்கிள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தாள் தெரிஞ்சதுக்குள்ள இல்லாத ஒண்டைப் பாத்திருக்கு. நீர் தெரிஞ்சதையே பாத்தீர்." அதற்கு மேல் வழக்கு நடக்கவில்லை.

இன்னொன்றையும் சொன்னேன், அது அவருக்குப் பிடித்தது. பேரடைகளை வகைப்படுத்திய வோகுலர் பட்டை இல்லாதவற்றுக்கு எஸ்ஏ என்றும், பட்டை உள்ளவற்றுக்கு எஸ்பி என்றும் பெயர் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றுக்கு எஸ்ஏபி. எம் 83 அந்த நடு வகை. பெரிய தொலைநோக்கிகளின் புகைப்படத் தட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே அதை முழுப் பட்டை என்று எழுதவில்லை. "காணிப் பிணக்கில நாங்களும் அப்பிடித்தான். ரெண்டு வேலிக்கும் நடுவில புள்ளிக் கோடு போட்டு விடுவம்," என்றார்.

மார்ச் 31

அன்று 13 மணித்தியால மின்வெட்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தெரு விளக்குகளையும் அணைக்கச் சொல்லியிருந்தார்கள். அத்தோடு அமாவாசை. நானும் சேவையர் அங்கிளும் அதைப் பற்றி முதல் நாளே பேசி வைத்திருந்தோம், கொஞ்சம் ரகசியமாக, ஏனென்றால் வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. கீழே அம்மாவின் இன்சுலின் ஐஸ் போட்ட பிளாஸ்கில் இருந்தது. காஸுக்கு வரிசை, டீசலுக்கு வரிசை. அந்த நேரத்தில் வானம் நன்றாக இருக்கும் என்று சந்தோஷப்படுவது என்ன மாதிரியான சந்தோஷம்?

எனக்கு இருட்டு புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவன். வருடக்கணக்காகக் கரன்ட் இல்லாத ஊரில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன். இன்று வானியல்காரர்கள் விமானம் ஏறிப் போய்த் தேடும் கறுப்பு வானம் எங்கள் முற்றத்துக்கு மேலேயே இருந்தது. ஆனால் வானத்தை அண்ணாந்து பார்ப்பது என்றால் அப்போது குண்டு போட பொம்மர் விமானம் வருகிறதா என்று பார்ப்பது. பால்வீதி தெரிந்திருக்கும், தெரியாமல் போயிருக்க வழியே இல்லை. எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. மொட்டை மாடியில் இதைச் சொன்னபோது அங்கிள், "சத்தம் கேட்டாத்தானே நாங்கள் மேல பாத்தது," என்று மட்டும் சொன்னார்.

லிஃப்ட் இல்லாததால் எட்டு அங்குல டொப்சோனியன் தொலைநோக்கியை இரண்டு தடவையாக ஏற்றினேன். முதலில் அடித்தட்டு, பிறகு குழாய். 2020 இல் ஒஸ்ரேலியாவுக்குப் போன ஒருவரிடம் வாங்கியது. போகிறவர்கள் விட்டுப் போகும் பொருள்களில்தான் எங்கள் பொழுதுபோக்கு நடக்கிறது. ஐபீஸ் பெட்டியை அங்கிள் தூக்கி வந்தார், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று. டோர்ச்சுக்கு வெசாக் கூட்டுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புச் செலோபேன் தாள். மேலே வந்து பார்த்தால், நான் கொழும்பில் அப்படியொரு வானத்தைக் கண்டதில்லை. தெற்கே திரிசங்கு தெளிவாக நின்றது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வெறும் கண்ணுக்கு ஒரு பஞ்சுப் பொட்டாகத் தெரிந்தது. கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மீன்பிடிப் படகு ஒன்றின் விளக்கு மட்டும். கிழக்கே ஐந்தாறு கிலோமீற்றரில் மிரிஹானை, அன்றிரவு ஜனாதிபதியின் வீட்டருகே சனம் திரண்டு எதிர்ப்புக் காட்டிய இடம். எல்லோருடைய போன்களும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தன. பக்கத்து மாடிகளில் திரைகளின் நீல வெளிச்சம் முகம் முகமாக மினுங்கியது. நாங்கள் இருவரும் போன்களை அணைத்துவிட்டு எம் 83 ஐத் தேடினோம். அது சரியா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

இந்த முறைக்கு ஒரு விதி வைத்திருந்தோம். விதியைச் சொன்னவர் அவர். "நானும் போனில படத்தைப் பாத்திட்டன். இனி நானும் சுத்தமான சாட்சி இல்லை. அதாலே பட்டை எந்தப் பக்கம் சரியும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி ஒரு வழி செய்யும்." வழி தொலைநோக்கியிலேயே இருந்தது. டொப்சோனியனில் இரண்டு கண்ணாடிகள் என்பதால் இடம் வலம் மாறாது. ஆனால் ஐபீஸ் குழாயின் பக்கவாட்டில், சரிவாக இருக்கிறது. நாம் தலையை எப்படிச் சரிக்கிறோம், வானத்தின் எந்தப் பகுதிக்குக் குழாய் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் காட்சி ஏதோ ஒரு கோணத்துக்குச் சுழன்றிருக்கும். வடக்கு எங்கே என்று மனதால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஆகவே பார்த்ததைக் கீறுவது, கீறி முடித்த பிறகு நட்சத்திரம் நகரும் பக்கத்தைக் குறிப்பது, மறுநாள் பகல் வெளிச்சத்தில் கோணத்தை அளப்பது. அழிறப்பர் கிடையாது. சேவையர்கள் அளவு குறிக்கும் ஃபீல்ட் புக்கில் அழிக்கக் கூடாதாம். பிழைத்தால் ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அழித்த ஃபீல்ட் புக்கை நீதிமன்றத்தில் யாரும் மதிக்க மாட்டார்களாம்.

முதலில் அவர். 48 மடங்கில் வைத்துக் கொடுத்தேன். "ஒண்டும் இல்லையே தம்பி." கொஞ்சம் பொறுங்கோ, நேரே பார்க்காமல் வட்டத்தின் ஓரத்தைப் பாருங்கோ என்றேன். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றேன். ஐந்து நிமிடம். கீழே யாரோ குழந்தைக்கு விசிறியால் விசிறும் சத்தம். எங்கோ ஹோட்டல் ஜெனரேட்டர். பிறகு அவர் குரல், மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பது போல: "இருக்கு." இன்னும் கொஞ்ச நேரம். "பாக்காட்டித்தான் இருக்கு."

120 மடங்குக்கு மாற்றினேன். பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. இருபது நிமிடம் கீறியிருப்பார். சொன்ன கணக்கில் பத்து நிமிடம் கூட. நான் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்து, மேலே செருப்பை வைத்தார், காற்றுக்கு.

என் முறை. கொழும்பில் இனி ஒருதரம் கிடைக்குமா என்று தெரியாத ஒரு காட்சி. மையத்தில் கூர்மையான பொட்டு, நட்சத்திரம் போல. சுற்றிப் பெரிய புகை, நான் நினைத்ததைவிடப் பெரியது, ஐபீசின் வட்டத்துக்குள் மூன்றில் ஒன்று. தெரிந்தது. ஆனால் பட்டை? நடுப்பகுதி ஒரு பக்கமாக இழுபட்ட மாதிரி இருந்தது. உடனே, இது நான் விரும்புவதால் வருகிறதா என்ற எண்ணம். எண்ணம் வந்ததும் நடுப்பகுதி வட்டமாகிவிட்டது. மறுபடி பொறுத்துப் பார்த்தால் நீளம். சந்தேகப்பட்டால் வட்டம். முன்பு தெரிந்தது என்னை ஏமாற்றியது. இப்போது பயம் ஏமாற்றியது. பென்சிலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கடைசியில் நடுப்பொட்டையும், சுற்றுப் புகையையும், கீழ்ப் பக்கமாக வளைந்த மாதிரி இருந்த ஒரு கையின் தொடக்கத்தையும் போட்டேன். நடுவை வெறுமையாக விட்டேன். அதற்குத்தான் திரும்பி வர நினைத்தேன்.

வீதி முழுவதும் ஒரே நொடியில் எரிந்தது. "கரன்ட் வந்திட்டுது!" என்று எல்லா மாடிகளிலிருந்தும் பிள்ளைகளின் கூச்சல். எதிர்க் கட்டடத்தின் பால்கனிகள், படிக்கட்டு விளக்குகள், யாரோ அணைக்காமல் விட்ட தொலைக்காட்சி. கண் கூசி நீர் வந்தது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல், அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு இரண்டு நொடி. பிறகு அம்மாவின் பிரிட்ஜ் ஞாபகம் வந்து கீழே ஓடினேன். திரும்பி வந்தபோது அங்கிள் என் தாளை எடுத்து, முடியாத படத்தின் கீழே தன் சேவையர் எழுத்தில் எழுதியிருந்தார்: 12.17, மின்சாரம் வந்தது, பார்வை நிறுத்தம்.

அதற்குப் பிறகு

மறுநாள் ஊர் வேறு ஊராகிவிட்டிருந்தது. கோணம் அளக்க ஒரு கிழமை கழித்துத்தான் உட்கார்ந்தோம். அவர் தன் பழைய பாகைமானியை எடுத்து வந்தார், பித்தளை, விளிம்பு தேய்ந்து மினுங்கியது. அவர் படத்தில் நடுப்பகுதி நீள்வட்டமாக இருந்தது. ஒரு முனையில் சின்னதாகக் கேள்விக்குறி. மேற்கு அம்புக்குறியிலிருந்து நீள்வட்டத்துக்கு உள்ள கோணத்தை அளந்தார். பிறகு அச்செடுத்த புகைப்படத்தில் அதே கோணத்தை அளந்தார். சரியான பக்கம் சரிந்திருந்தது. ஏழு பாகை வித்தியாசம். நான் துள்ளாத குறை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பக்கம் சரியும் எண்டது காசு சுண்டினாலும் பாதித் தரம் சரிவரும் தம்பி. ஒரு அளவு அளவில்லை. மூண்டு தரமாவது எடுக்கவேணும்."

இரண்டாம் தரம் எடுக்கவில்லை. மே மாதம் தென்மேல் பருவ மழை வந்தது. பிறகு வெளிச்சமும் வந்தது, வர வேண்டியதுதான். 2023 இல் அங்கிளும் அன்ரியும் மகளோடு இருக்க மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். போகும்போது பாகைமானியை எனக்குத் தந்தார். மகள் எடுக்கவேண்டாம், பாரம் என்றாளாம். அங்கே எம் 83 ஏறக்குறைய தலைக்கு நேரே வரும், 82 பாகை. போன சித்திரையில் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்: "உம்மட ஆள் இஞ்ச உச்சியில நிக்குது. ஆனா குழாய் இல்லை, ஏற மாடியும் இல்லை. பேரன் பைனாகுலர் வாங்கித் தாறன் எண்டிருக்கிறான்."

இங்கே எங்கள் தெருவுக்கு வெள்ளை எல்ஈடி விளக்குகள் போட்டுவிட்டார்கள். இப்போது எட்டு அங்குலத்திலும் எம் 83 ஒரு மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரிதான். ஆனாலும் ஒவ்வொரு சித்திரையும் ஏற்றுகிறேன்.

பதினேழாம் பக்கத்தைக் கிழிக்க நினைத்திருந்தேன். கிழிக்கவில்லை. போன வாரம் சிவப்புப் பேனாவால் அந்தப் பட்டைக்கு மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, அவர் சொன்னபடி பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் போட்டேன். சரியானதையும் அதன் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன்.